இரண்டு புள்ளி இரண்டு

சின்னவன் கையை அழுத்திவிட்டான். போன வார அத்தியாயத்தில் அந்தச் சந்தோஷத்தில்தான் இந்தக் குடும்பத்தை விட்டுவிட்டு வந்தோம்.

சந்தோஷம் சும்மா வரவில்லை. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் வால்வு மாற்ற ஏற வேண்டியவர் அவன் அப்பா. அவருக்கு முட்டி வலி என்று பிள்ளை ஏறினான். ஏணி சரிந்தது. மண்டையோட்டைத் திறந்து ரத்தக்கட்டியை எடுத்தார்கள். அதற்குப் பிறகு தொண்டையில் ஒரு குழாய், மூக்கில் ஒரு குழாய் என்று கிடந்தான். கண் திறந்திருக்கும், யாரையும் பார்க்காது. இவன் இனி எழுந்திருப்பானா என்று வாய்விட்டுக் கேட்கத் துணிவில்லாமல் எல்லோரும் காப்பி குடிக்கப் போய்க்கொண்டிருந்த காலத்தில், "என் கையை அழுத்துங்க பார்க்கலாம்" என்று பெண்டாட்டி சொன்னாள். அழுத்தினான். டாக்டர் வந்து நின்றபோதும் அழுத்தினான்.

அதனால்தான் மேல்மாடியில் அவனுக்கு ஒரு கட்டில் ஒதுக்கினார்கள். தலையில் அடிபட்டவர்களுக்கு மறுபடி உட்காரவும் விழுங்கவும் பேசவும் சொல்லிக்கொடுக்கிற பிரிவு அது. கட்டில்கள் கொஞ்சம், காத்திருப்பவர்கள் ஏராளம். கீழ் வார்டில் இருக்கிறவர்கள் லிஃப்ட் மேலே போகும்போதெல்லாம் அதன் கதவையே ஏக்கமாகப் பார்ப்பார்கள். இன்று சாயங்காலம் சின்னவன் அதில் ஏறிப் போக வேண்டும்.

நிபந்தனை இரண்டுதான். காய்ச்சல் இருக்கக் கூடாது. ரத்தத்தில் ஆல்புமின் என்கிற புரதம் இரண்டரைக்குக் கீழே போயிருக்கக் கூடாது. காய்ச்சல் இல்லை. ஆல்புமின் போன வாரம் இரண்டு புள்ளி ஏழு இருந்தது. ஆகவே மேல்மாடி கையில் கிடைத்த மாதிரிதான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

இன்று காலை எடுத்த ரத்தம் பெரியவள் வேலை பார்க்கும் இடத்துக்கு வந்தது. பெரியவள் என்றால் சின்னவனின் அக்கா. அதே ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் நெடுநாள் ஊழியம். தம்பி அவளுக்கு வைத்த பெயர் மைக்ரோஸ்கோப். வீட்டில் யார் முகத்தில் என்ன ஒளிந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள் என்பதால்.

சொந்தக்காரர்களின் ரத்தக் குப்பியைத் தொடக் கூடாது என்று அங்கே ஒரு வழக்கம் உண்டு. எட்டிப் பார்க்கக் கூடாது என்று வழக்கம் இல்லை. சீனியர் குப்பியைச் சுழற்றி, மேலே நின்ற மஞ்சள் நீரை மெஷினில் வைத்தபோது பெரியவள் அவர் தோளுக்குப் பின்னால் நின்றாள்.

திரையில் எண் வந்தது.

"ரெண்டு புள்ளி ரெண்டா?" என்றாள்.

"அதான் போட்டிருக்கு."

"இன்னொரு தடவை ஓட்டுங்க."

சீனியர் அவளைத் திரும்பிப் பார்த்தார். நல்ல மனிதர். இன்னொரு தடவை ஓட்டினார். இரண்டு புள்ளி இரண்டு.

"மெஷின்ல காலையிலேர்ந்து கோளாறா?"

"மெஷினுக்குச் சொந்தம் பந்தம் தெரியாதும்மா. எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் சொல்லும்."

மைக்ரோஸ்கோப் ஆயிற்றே, அவளுக்கு உடனே ஒரு வழி தென்பட்டது. டிரிப் ஏறுகிற கையிலிருந்து ரத்தம் எடுத்தால் அந்தத் திரவமும் கலந்து எல்லாம் நீர்த்துக் காட்டும். அவசரத்தில் எந்த ஆஸ்பத்திரியிலும் நடக்கிற தப்பு. தினமும் இரண்டு குப்பியாவது அப்படி வந்து, அவளே திருப்பி அனுப்புவாள். இதுவும் அதுதான். கண்டிப்பாக அதுதான்.

"நான் வார்டுக்குப் போய்ட்டு வரேன். இந்த ரிப்போர்ட்டை மேலே அனுப்பாதீங்க, ப்ளீஸ்."

"பத்து நிமிஷம் தாமதிக்கலாம். மறைக்க முடியாது" என்றார் சீனியர்.

வார்டில் அப்பா பிள்ளையின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். ஊருக்கு அவர் குழாய்க்காரர். இந்த வார்டுக்கும் அப்படித்தான். அவர் வந்த பிறகு அங்கே ஒரு குழாயும் சொட்டுவதில்லை. கை கழுவும் தொட்டியின் அடைப்பை அவரே குனிந்து எடுத்துவிட்டார். சிஸ்டர்களுக்கு அவர்மேல் உயிர். சத்துப் பவுடரைத் தண்ணீரில் கரைத்து மூக்குக் குழாய் வழியாகச் சின்னவனுக்குச் சாப்பாடு கொடுக்கிற வேலையை அவரிடம் ஒரே நாளில் சொல்லிக்கொடுத்துவிட்டு, "உங்களை மாதிரி சுத்தமா நாங்ககூடச் செய்ய மாட்டோம்" என்று நிம்மதியாக விட்டுவிட்டார்கள்.

கட்டிலின் மறுபக்கம் மாஸ்டர் ஒரு சட்டையை உதறி மடித்துக்கொண்டிருந்தாள். சின்னவனின் பெண்டாட்டி. டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவள். எதிரே லாரி வந்தாலும் "பதறாதீங்க, பிரேக்கு இந்தப் பக்கம் எங்கிட்டயும் இருக்கு" என்று சொல்லிப் பழகிய வாய். அதனால் வீட்டிலும் அவள் மாஸ்டர்தான்.

"அக்கா, வாங்க. மேல்மாடியில பைஜாமா போடக் கூடாதாம். சட்டை, பேன்ட்தான் போடணுமாம். அப்பத்தான் மனுஷனுக்கு வெளியே போற நினைப்பு வருமாம். செருப்புகூடக் கொண்டுவந்துட்டேன்."

பெரியவள் செருப்பைப் பார்க்கவில்லை. "தம்பி எப்படி இருக்கான்?"

"காலையிலேர்ந்து தூக்கமாவே இருக்காரு. கையை அழுத்துங்கன்னா ரொம்ப யோசிச்சு அழுத்தறாரு. ராத்திரி சரியாத் தூங்கியிருக்க மாட்டாரு."

"பக்கத்துக் கட்டில்ல ஒரே இருமல்" என்றார் அப்பா. "அவன் தூங்கினா தூங்கட்டும்மா. மேலே போனா அப்புறம் தூங்கவே விட மாட்டாங்களாம்."

பெரியவள் சிஸ்டரைத் தேடிப் போனாள். "இன்னிக்குக் காலையில ரத்தம் எந்தக் கையில எடுத்தீங்க?"

"வலது கையில."

"டிரிப்?"

"இடது கையில." சிஸ்டரின் முகம் சுருங்கியது. "ஏன்? எனக்கு அதுகூடத் தெரியாதா?"

"தெரியும் சிஸ்டர். ஆனா அளவு ரொம்பக் கம்மியா வந்திருக்கு. இன்னொரு தடவை எடுத்துடலாமே. நான் பக்கத்துல நிக்கறேன்."

"நீங்க பக்கத்துல நின்னா ரத்தம் மாறிடுமா?"

ஆனாலும் எடுத்தார். டிரிப்பை நிறுத்திவைத்து, மறு கையில், நல்ல நரம்பாகப் பார்த்து எடுத்தார். அப்பா பக்கத்தில் வந்து நின்றுவிட்டார்.

"என்னம்மா கம்மி?"

"ஆல்புமின்ப்பா. ஒரு புரதம். நம்ம ரத்தத்துல இருக்கற தண்ணியைக் குழாய்க்குள்ளயே பிடிச்சு வெச்சிருக்கறது அதுதான். அது கம்மியானா தண்ணி வெளிய கசிஞ்சு கை கால் வீங்கும். புண் ஆறாது. உடம்பு தேறாது."

"கசிவுன்னு சொல்லு." அப்பாவுக்கு இப்போது புரிந்தது. புரிந்ததால் பயமும் வந்தது. "அது ஏன் கம்மியாகுது?"

"ஆகல. எடுத்த விதத்துல தப்பு. இப்ப சரியா வரும் பாருங்க."

அப்பா தலையை ஆட்டினார். மகள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். படித்தவள்.

ஆனால் வந்தது இரண்டு புள்ளி இரண்டுதான். இந்தத் தடவை சீனியர் கேட்காமலே இரண்டு முறை ஓட்டிப் பார்த்திருந்தார். ரிப்போர்ட் மேலே போயிற்று.

கொஞ்ச நேரத்தில் டாக்டர் வார்டுக்கு வந்துவிட்டார். சின்னவன் தலையைத் திறந்து மூடிய டாக்டர். குரலை உயர்த்தாத அம்மாள். அவர் முகத்தைப் பார்த்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது என்று அந்த வார்டில் ஒரு பேச்சு உண்டு. சின்னவனின் கழுத்தை மெதுவாக முன்னால் வளைத்துப் பார்த்தார். கண்ணில் விளக்கடித்தார். "கையை அழுத்துங்க" என்றார். ரொம்ப நேரம் கழித்து, விரல்கள் கொஞ்சம் மடங்கின.

"போன வாரம் இதைவிட வேகமா அழுத்தினாரே" என்றார்.

"தூக்கம் டாக்டர்" என்றாள் மாஸ்டர்.

"இருக்கலாம். ஆனா ஆல்புமின் இவ்வளவு இறங்கியிருக்கு. சிறுநீர்ல போகல, கல்லீரல் நல்லா இருக்கு. சாப்பாடு சரியாப் போகுதா?"

"வேளா வேளைக்குப் போகுது" என்றார் அப்பா முந்திக்கொண்டு. "ஒரு சொட்டு வீணாக்கறதில்ல."

"அப்ப எங்கயோ கிருமி இருக்கான்னு பார்க்கணும். நெஞ்சு நல்லா இருக்கு. ஆபரேஷன் பண்ணின இடத்துக்கு உள்ளே, மூளையைச் சுத்தியிருக்கற நீர்ல இருக்கலாம். சில பேருக்குக் காய்ச்சல்கூட வராம மெதுவா வரும். முதுகுல ஊசி போட்டு அந்த நீரைக் கொஞ்சம் எடுத்துப் பார்த்துடலாம்."

"முதுகுலயா?" அப்பாவின் கை கட்டில் கம்பியைப் பிடித்தது.

"முதல்ல ஒரு ஸ்கேன். அது நல்லா இருந்தா ஊசி. சாயங்காலம் பண்ணிடலாம். கையெழுத்து மட்டும் வேணும்."

"மேல்மாடி?" என்றாள் மாஸ்டர்.

"இந்த நிலைமையில அவங்க எடுக்க மாட்டாங்க. காரணம் தெரிஞ்சு அதைச் சரி பண்ணியாச்சுன்னா நான் பேசிப் பார்க்கறேன். இல்லன்னா இன்னிக்கு அந்தக் கட்டில் வேற ஒருத்தருக்குப் போயிடும். அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது."

டாக்டர் போனதும் மூன்று பேரும் மூன்று பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முதலில் அசைந்தது மாஸ்டர்தான். சும்மா நிற்கத் தெரியாதவள். அலமாரியைத் திறந்து சாமான்களை அடுக்க ஆரம்பித்தாள். மேல்மாடிக்கு எடுத்துப் போகக் கட்டிவைத்ததை எல்லாம் திரும்ப எடுத்துவைக்க வேண்டுமே.

"மாமா, புதுப் பவுடர் டப்பா வாங்கி வந்தேன். பழசைத் தூக்கிப் போட்டுடவா?"

அப்பா திரும்பினார். "அதுல இன்னும் இருக்கும்மா."

மாஸ்டர் பழைய டப்பாவைக் கையில் எடுத்தாள். எடுத்த கை கனத்தில் கொஞ்சம் இறங்கியது. மூடியைத் திறந்து பார்த்தாள். "இதென்ன, அட்சய பாத்திரமா? வாரத்துக்கு ஒண்ணு சரியா இருக்கும்னு அந்த டயட்டீஷியன் பொண்ணு சொல்லிச்சு. பாதிக்கு மேல அப்படியே கிடக்கு."

அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் மைக்ரோஸ்கோப் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"அப்பா."

"என்னம்மா."

"ஒரு டம்ளருக்கு எத்தனை கரண்டி போடறீங்க?"

அவர் சின்னவனின் போர்வையைச் சரி செய்தார். அது சரியாகத்தான் இருந்தது.

"அப்பா, ஆறு கரண்டி போடச் சொன்னாங்க. நீங்க எத்தனை போடறீங்க?"

"மூணு."

மாஸ்டர் டப்பாவை அலமாரிமேல் வைத்தாள். வைத்த சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரர் விழித்துக்கொண்டார்.

"வெளிய வாங்க" என்றாள் பெரியவள்.

வார்டுக்கு வெளியே, சக்கர நாற்காலிகளை மடித்து அடுக்கியிருக்கிற மூலையில் போய் நின்றார்கள்.

"ஏம்ப்பா? ஏன் இப்படிப் பண்ணினீங்க?"

"குழாய் அடைச்சுக்கிச்சேம்மா. உனக்குத் தெரியாது, நீ டூட்டியில இருந்தே. கெட்டியாக் கரைச்சு ஊத்தினேன், பாதியில நின்னுடுச்சு. சிஸ்டர் வந்து தண்ணி அடிச்சுப் பார்த்தாங்க. ஒண்ணும் நடக்கல. அப்புறம் அதை உருவிட்டு வேற ஒண்ணை மூக்கு வழியா விட்டாங்க. ஒரு தடவையில போகல. மறுபடி எடுத்து, மறுபடி விட்டு..." அவர் நிறுத்தினார். "அவன் கண்ணுலேர்ந்து கடகடன்னு தண்ணி. சத்தம் போட முடியாது அவனால. என்னைப் பார்த்தான்."

அப்பா சுண்டுவிரல் நுனியைக் காட்டினார்.

"மெல்லிசான குழாய்ம்மா அது. கெட்டியாப் போனா வளைவுல தங்கும். தங்கினா இறுகும். அதை என்கிட்ட யாரும் சொல்லித்தர வேண்டாம். அதான் கொஞ்சம் தண்ணியாக் கலந்தேன். அப்புறம் ஒரு நாள்கூட அடைக்கல தெரியுமா?"

கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். பாவம். வேறு எந்தத் தொழில் செய்கிற அப்பாவாக இருந்தாலும் டம்ளரில் இருப்பதைச் சாப்பாடு என்று பார்த்திருப்பார். இவர் குழாயைப் பார்த்தார். குழாய் ஓடினால் வீடு நன்றாக இருக்கிறது என்பதுதான் அவர் ஆயுசுக்கும் கண்ட உண்மை.

"மாமா" என்றாள் மாஸ்டர். "ஒரு வாரமா அவர் அரைவயித்துக்குக் கிடந்திருக்காரு. பசிக்குதுன்னு வாயைத் திறந்து சொல்லக்கூட முடியாம கிடந்திருக்காரு."

"வயிறு நிறையத்தாம்மா ஊத்தினேன்..."

"தண்ணி மாமா! நீங்க ஊத்தினது தண்ணி!"

அப்பா சுவரில் சாய்ந்துகொண்டார். அந்தப் பெரிய உடம்பு ஏதோ பாதியாகிவிட்டது போல இருந்தது.

பெரியவளுக்குக் கோபம் வந்தது. வந்ததை மறைப்பானேன், நன்றாகவே வந்தது. "கேட்டிருக்கலாமில்ல? நான் கீழ் மாடியிலதானே இருக்கேன்? ஒரு வார்த்தை கேட்டா குறைஞ்சா போயிடுவீங்க? பவுடரைச் சரியாக் கலக்கி வடிகட்டினா அடைக்காது. குடுத்து முடிச்சதும் கொஞ்சம் வெந்நீர் விட்டா அடைக்காது. அதை விட்டுட்டு..."

கத்திக்கொண்டே இருந்தாள். ஆனால் அந்தக் கோபத்துக்கு அடியில் இன்னொன்றும் ஊறிக்கொண்டிருந்தது. அதைச் சொன்னால் நம்புவீர்களா? சந்தோஷம். காரணம் கிடைத்துவிட்டது. கிருமி இல்லை, ஒன்றும் இல்லை. அரைச் சாப்பாடு, அவ்வளவுதான். நாளையிலிருந்து முழுச் சாப்பாடு. முதுகில் ஊசி வேண்டாம். காரணம் தெரிந்தால் பேசிப் பார்க்கிறேன் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று!

"வாங்க. டாக்டர்கிட்டச் சொல்லலாம். இப்பவே."

அப்பா அசையவில்லை. "சொன்னா என்னை உள்ளே விட மாட்டாங்கம்மா."

அது நிஜம்தான். போன மாதம் ஒரு அம்மாள் சிஸ்டர்களுக்குத் தெரியாமல் மகனுக்கு வாய்வழியாக ஏதோ கொடுத்து, அது நெஞ்சுக்குள் போய், அந்த அம்மாளைப் பார்வையாளர் நேரம் தவிர வார்டுப் பக்கமே வரக் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். அது எல்லோருக்கும் தெரியும்.

"அவன் பக்கத்துல உட்காரலன்னா நான் என்னம்மா பண்ணுவேன்? ஏணியில நான் ஏறியிருக்கணும்."

வீட்டில் யாரும் இதுவரை அவர் எதிரில் சொல்லாத பேச்சு அது. அவரே சொல்லிக்கொண்டார்.

மாஸ்டர்தான் முகத்தைத் துடைத்துக்கொண்டு பேசினாள். "நாங்க சொல்லட்டுமா மாமா? நான் கலந்தேன்னு சொல்லிடறேன். எனக்கு வேலைக்குப் போகணும், என்னை வராதேன்னா பரவாயில்ல. நீங்க உள்ளே இருந்துக்கோங்க."

கொஞ்ச நேரத்துக்கு முன்னால் சீறினவள். அவளே இப்படிச் சொன்னதும் குழாய்க்காரர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது.

"வேண்டாம் தாயி" என்றார். "பண்ணினவன் நான்."

டாக்டரின் அறையில் அப்பா உட்கார மறுத்துவிட்டார். நின்றுகொண்டே சொன்னார். கரண்டிக் கணக்கைச் சொன்னார். குழாய் அடைத்ததைச் சொன்னார். "முதுகுல ஊசி போட வேண்டாம் டாக்டர். கிருமி கிருமின்னு தேடாதீங்க. தப்பு என்னுது. என்னை வெளிய நிக்க வெச்சாலும் சரி" என்று முடித்தார்.

டாக்டர் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடித்து, "நல்லவேளை சொன்னீங்க" என்றார். பிறகு, "இது பெரிய தப்பு. மண்டையில அடிபட்ட உடம்புக்குச் சாதாரணமா நமக்கு வேணுங்கறதைவிட அதிகமா வேணும். இனிமே சாப்பாடு சிஸ்டர் கையாலதான். புரியுதா?" என்றார்.

"புரியுது டாக்டர்."

"பக்கத்துல உட்கார்ந்துக்கோங்க. அதை நான் தடுக்கல."

அப்பா கைகூப்பினார். பெரியவள் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். "அப்ப டாக்டர், மேல்மாடிக்கு ஒரு வார்த்தை..."

"ஒரு நிமிஷம்." டாக்டர் அப்பாவைப் பார்த்தார். "எப்பலேர்ந்து தண்ணியாக் கலக்கறீங்க?"

"குழாய் மாத்தினதுலேர்ந்து."

"குழாய் மாத்தினது போன வாரம் ரத்தம் எடுத்ததுக்கு மறுநாள். அதுக்கு முன்னால?"

"முன்னால எல்லாம் அவங்க சொன்ன மாதிரிதான் டாக்டர். ஆறு கரண்டி. சத்தியமா."

டாக்டர் பெரியவளைப் பார்த்தார். அந்தப் பார்வையைப் பெரியவள் தாங்கவில்லை, குனிந்துகொண்டாள். ஏனென்றால் டாக்டர் சொல்லப்போவது அவளுக்குத் தெரியும். இன்று காலையிலிருந்தே அவளுக்குத் தெரியும்.

"போன வாரம் ரெண்டு புள்ளி ஏழு" என்றார் டாக்டர். "அதுக்கு முந்தின வாரம் மூணு புள்ளி ஒண்ணு. உங்களுக்கு ஞாபகம் இருக்கும்."

"இருக்கு டாக்டர்."

"இவர் முழுச் சாப்பாடு குடுத்துட்டிருந்தப்பவே இறங்க ஆரம்பிச்சாச்சு."

"ஒரு வாரம் முன்னே பின்னே இருக்கறது வழக்கம்தானேன்னு..." பெரியவள் முடிக்கவில்லை.

"ஒரு வாரம்னா நானும் அப்படித்தான் நினைச்சேன். இப்ப ரெண்டாவது வாரமும் இறங்கியிருக்கே. சாப்பாடு குறைஞ்சா ஆல்புமின் மெதுவாத்தான் இறங்கும். உடம்பு எதோடயாவது சண்டை போட்டுட்டு இருந்தாத்தான் இவ்வளவு வேகமா இறங்கும். இதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல."

வேண்டியதில்லைதான். புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு அவள் முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுக்கிற பாடம் அது. அவளுக்கு மட்டும் இன்று மறந்துபோயிற்று. மறக்கவில்லை, மறக்க விரும்பினாள். முதலில் சிஸ்டரின் கையில் தப்பைத் தேடினாள். அப்புறம் பெற்ற அப்பாவின் கையில் தேடினாள். தம்பியின் தலைக்குள் தேட மட்டும் அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"கழுத்து கொஞ்சம் விறைப்பா இருக்கு" என்றார் டாக்டர். "அழுத்தறது குறைஞ்சிருக்கு. காத்திருக்க முடியாது. ஸ்கேனுக்குச் சொல்லிட்டேன்."

மாஸ்டர் கை நீட்டினாள். "எங்க கையெழுத்துப் போடணும்?"

போட்டாள். பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தாள்.

ஸ்கேன் முடிந்தது. ஊசி போடலாம் என்றார்கள். கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்தார்கள். சின்னவனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முட்டியை வயிற்றுக்கு மடக்கிப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும் என்றார் சிஸ்டர். "பயப்படாம இருக்கணும்" என்று சேர்த்துக்கொண்டார். மாஸ்டர் திரைக்குள் போனாள். "பதறாதீங்க, நான் இருக்கேன்" என்று அவள் புருஷனிடம் சொல்வது வெளியே கேட்டது.

அப்பாவும் மகளும் தாழ்வாரத்தில் நின்றார்கள். லிஃப்ட் கதவு திறந்தது. தலையில் கட்டுப் போட்ட யாரோ ஒரு பையனைச் சக்கர நாற்காலியில் வைத்து உள்ளே தள்ளினார்கள். புதுச் சட்டை, பேன்ட். அவன் அம்மா எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். பெரியவளும் சிரித்தாள். சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

"அந்த நீர் எங்கம்மா போகும்?" என்றார் அப்பா.

"எங்க லேபுக்குத்தான்ப்பா. நான் கீழே போகணும்."

"பார்த்தாலே தெரியுமா?"

"கலங்கியிருந்தா பார்த்தாலே தெரியும். தெளிவா இருந்தாலும் சோதிச்சுத்தான் சொல்ல முடியும்."

பெரியவளுக்கு அவரை அப்படியே விட்டுவிட்டுப் போக மனசில்லை. அவரைத் திட்டித் தீர்த்தாகிவிட்டது. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும். ஆறுதல் என்று அவள் கையில் இருந்தது ஒன்றே ஒன்றுதான்.

"அப்பா, டாக்டர் சொன்னதைக் கேட்டீங்கல்ல? இது உங்களால ஆனதில்ல. நீங்க கலக்கறதுக்கு முன்னாலயே ஆரம்பிச்சதாம். உங்க தப்பு இல்ல."

"கேட்டேன்."

"அப்புறம் ஏன் அழறீங்க?"

குழாய்க்காரர் முகத்தைத் துடைக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் தப்புன்னா நாளைக்கே ஆறு கரண்டி போட்டுச் சரி பண்ணியிருப்பேனேம்மா" என்றார். "என் தப்பாவே இருந்திருக்கக் கூடாதா?"